நந்தியாவட்டைக்கு மண் போட வேண்டியவர்

மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்ற ஆவுடையப்பன், தாம் பெற்ற ஒரே மகளைத் தலைமுழுகிய நாளில், அவளுடைய நந்தியாவட்டைச் செடியையும் அரிவாளால் வெட்டித் தெருவில் எறிந்தார். எறிந்த மாசம் ஐப்பசி. அவர் செய்தது இவ்வளவுதான், மற்றதையெல்லாம் மழை செய்தது. கோபக்காரன் பஞ்சாங்கம் பார்த்தா கோபப்படுவான் என்று நீங்கள் கேட்கலாம், நியாயம்தான், ஆனாலும் கோவில்பட்டிக் கரிசலில் பிறந்து அங்கேயே தலை நரைத்த மனுசருக்கு, ஐப்பசி அடைமழையில் விளக்குமாற்றுக் குச்சியை ஊன்றினாலும் துளிர்த்துவிடும் என்பதாவது தெரிந்திருக்க வேண்டாமா? சித்திரையில் வெட்டி எறிந்திருந்தால் அடுப்பெரிக்க ஆகியிருக்கும், சொல்வதற்குக் கதையும் இருந்திருக்காது.

பார்வைக்கு எல்லா நந்தியாவட்டையும் போலத்தான் அது, இடுப்பளவு உயரம், கரும்பச்சை இலை, கிள்ளினால் பால், எந்த மாசமும் குறையாத வெள்ளைப் பூ. ஆனால் அதற்கென்று ஒரு முறை இருந்தது. ஆவுடையப்பனின் மனைவி பிரமு மேற்கே மலையடிவாரத்து ஊர்க்காரி. அவர்கள் வழியில் பெண் பிறந்தால், தீட்டுக் கழிந்த அன்றைக்குப் பெற்றவள் தன் செடியில் தாழ்ந்த கிளையாகப் பார்த்துத் தரைக்கு வளைத்து, வளைவில் கொஞ்சம் பட்டையைச் சீவி, எழும்பிவிடாமல் ஒரு கல்லைத் தூக்கி வைப்பாள், மண்ணை மட்டும் அவள் போடக் கூடாது, அவளைப் பெற்ற அப்பன் எங்கிருந்தாலும் வந்து இரண்டு கையாலும் அள்ளிப் போட வேண்டும், போட்ட ஈர மண்ணில் பிள்ளையின் பாதத்தை ஒருதரம் ஒற்றி எடுப்பார்கள், அதோடு பதியம் ஆயிற்று. வேர் இறங்குகிறவரை தாய்ச்செடியிலிருந்து அறுக்க மாட்டார்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து ஒருத்தன் வீட்டுக்குப் போகும்போது செடியும் கூடப் போகும். வேறு யாருக்கும், ராசாவே வந்து கேட்டாலும், ஒரு குச்சி கிடையாது.

மகள் செண்பகவல்லி பிறந்தபோது பஸ் ஸ்டிரைக். பிரமுவின் அப்பா மலையடிவாரத்திலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டே வந்து சேர்ந்து, மண்ணைப் போட்டு, ஒரு செம்பு மோரைக் குடித்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்று அப்படியே திரும்பிப் போனார். பிரமுவின் சொந்தச் செடி பிற்பாடு ஒரு பஞ்சத்துக் கோடையில் பட்டுப்போனது, மகளுடையது நின்று செழித்தது. கம்பத்தில் பொறி தெறித்துக் கண் எரிய எரிய ஆவுடையப்பன் வீடு வந்து சேரும் சாயங்காலங்களில், பாவாடை கட்டின செண்பகவல்லி அந்தச் செடியில் ரெண்டு பூவைப் பறித்து வந்து, படுத்திருக்கும் அப்பாவின் மூடின கண்களில் கண்ணுக்கு ஒன்றாக வைத்து, "அசையாதீகப்பா, பூ விழுந்திரும்" என்று பக்கத்திலேயே காவல் இருப்பாள். அந்தக் குளிர்ச்சியை எந்த டாக்டரும் எழுதிக் கொடுத்துவிட முடியாது.

அப்பேர்ப்பட்ட மகள், வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கும் வேறு சாதிப் பையனைக் கோயிலில் வைத்துக் கட்டிக்கொண்டாள் என்று சேதி வந்ததும், ஆவுடையப்பன் அரிவாளை எடுத்தார், செடியை அடியோடு வெட்டினார், குச்சிகளை அள்ளித் தெருவில் போட்டார், நேரே தெருக்கோடி அடிபம்புக்குப் போய் வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டார். மேலே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கொட்டுகிற மழையில் நின்றுகொண்டு பம்பை அடித்துத் தலைமுழுகின மனுசர் உலகத்திலேயே அவர் ஒருத்தராகத்தான் இருப்பார்.

அந்தச் செடியில் ஒரு குச்சி கேட்டுக் கேட்டு வாய் சலித்துப்போயிருந்த அவர்கள் காலனிக்கு அன்றைக்குத்தான் யோகம். ஓய்வுபெற்ற லூர்து டீச்சர் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து தன் மாதா படத்துக்கு ஆகுமென்று ரெண்டு குச்சி எடுத்துப் போனார். மாவுமில் குருசாமி சைக்கிள் கேரியரில் ஒரு கட்டையே கட்டிக்கொண்டு போனான். இப்படி ஆளுக்கு ஒன்றாய், வேண்டாம் என்றவர்கள்கூட அடுத்தவன் எடுக்கிறானே என்று எடுத்துப் போய் ஊன்றி வைக்க, தை பிறப்பதற்குள் வாசலுக்கு வாசல் நந்தியாவட்டை. வெட்டுப்பட்ட அடிக்கட்டையும் ஆவுடையப்பன் வீட்டில் கேட்பாரில்லாமல் தழைத்து நின்றது.

பூக்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, அத்தனையும் ஒரே செடி. மாதாவுக்குப் பறிக்கப் போன லூர்து டீச்சரின் கண்ணெதிரிலேயே பூக்கள் ஒவ்வொன்றாகக் காம்பை விட்டுக் காணாமல் போயின, என்னவென்று எட்டிப் பார்த்தால் நாலு வீடு தள்ளி குருசாமியின் பெண்டாட்டி அவள் வாசல் செடியில் கைநிறையப் பறித்துக்கொண்டிருந்தாள். ஒரு வீட்டில் தண்ணீர் ஊற்றினால் எல்லா வீட்டிலும் வேரடி நனைந்தது. ஓர் ஆடு ஒரு வாசலில் வாய் வைத்தால் காலனி முழுக்க மொட்டை. குருசாமி வீட்டுப் பூனை அதன் வேரடியில் நடந்துபோனால் வாசலுக்கு வாசல் பூனைத்தடம். ஓரிடத்தில் கல்லோ கட்டையோ வைத்தால் மற்ற இடங்களில் கல் தெரியாது, அதன் கனம் மட்டும் பள்ளமாகத் தெரியும். மண்ணுக்கும் தண்ணீருக்கும் அந்தப் பேதம்கூடக் கிடையாது, ஒருத்தர் மண் அணைத்தால் எல்லார் வாசலிலும் மண் ஏறியிருக்கும்.

காலனி ஆச்சரியப்பட்டதா என்றால், இல்லை. தண்ணி லாரிக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிற சனத்துக்கு ஆச்சரியப்பட நேரம் ஏது? யார் தண்ணீர் ஊற்றுவது என்றுதான் சண்டை வந்தது, அவள் ஊற்றட்டும் என்று இவளும் இவள் ஊற்றட்டும் என்று அவளும் இருந்து செடி வாடிய பிறகு, அரிசி கழுவின தண்ணீரை வீட்டுக்கு ஒரு நாள் முறை வைத்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமைப் பூ சாமிக்கு, ஞாயிற்றுக்கிழமைப் பூ மாதாவுக்கு, கண்ணில் நோவு என்றால் எந்த நாளானாலும் நோவு வந்தவருக்கு என்று பேச்சாயிற்று. சீக்கிரம் பூக்கட்டும் என்று குருசாமி ஒருநாள் யூரியாவை அள்ளிப் போட்டு, ஊர்ச்செடியெல்லாம் கருகி, அவன் வீடுவீடாக மாவோடு போய் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. தண்ணி லாரி வருவதை முதலில் பார்க்கிறவர் தம் வாசல் செடியைப் பிடித்து உலுக்குவார், எல்லா வாசலிலும் செடி உலுங்கும், குடங்கள் ஓடிவரும். நாலு பேர் கூடி இது என்ன மாயம் என்று பேசியது ஒரே ஒருநாள், அன்றைக்கும் ஆவுடையப்பன் வாசலில் நின்றபடியே தீர்த்து வைத்துவிட்டார்.

"இதுல என்னய்யா மாயம்? எல்லாம் ஒரே லைன்ல இழுத்திருக்கு. ஒரு எடத்துல ஃபியூஸ் போனா தெருவே இருட்டாகுதுல்லா? அது மாதிரிதான்."

அதுவும் சரிதான் என்று கலைந்து போனார்கள்.

ஆனால் அவருக்கே பிடிபடாத ஒன்று இருந்தது. தினமும் சாயங்காலம், பட்டறைகளை அடைக்கிற நேரத்துக்கு, காலனியில் யாரும் செடிப்பக்கம் போகாத வேளையில், தாழ்ந்த கிளையில் ரெண்டு பூ காணாமல் போயிற்று. எந்த வீட்டு முறையும் இல்லாத நாளில்கூட வேரடி நனைந்திருந்தது. "எவனோ கொக்கி போடுதான்" என்றார் ஆவுடையப்பன். கம்பியில் கொக்கி மாட்டிக் கரண்டு திருடுகிறவர்களை வாழ்நாள் பூராவும் விரட்டிப் பிடித்த மனுசர், விடுவாரா? பழைய சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய் அடுத்தவர் காம்பவுண்டுச் சுவரில் எட்டிப் பார்த்தார், ஒரு வீட்டில் நாய் துரத்தியது, இன்னொரு வீட்டில் ஒரு பொம்பளை, "வயசான காலத்துல வெக்கமா இல்ல?" என்று கேட்டே விட்டாள். கொக்கி அகப்படவில்லை.

காலனிப் பெண்கள் மட்டும், யாரும் யாருக்கும் சொல்லாமலே, தாழ்ந்த கிளையில் ரெண்டு பூவை விட்டுவிட்டுப் பறித்தார்கள். கல்யாண வீட்டுக்கு மாலை கட்டின நாளில்கூட ரெண்டை விட்டார்கள். "ஏன் டீச்சர் அதை மட்டும் விடுதீக?" என்று அவர் கேட்டதற்கு, "செடி மொட்டையா நின்னா நல்லாவா இருக்கும் அண்ணாச்சி?" என்று லூர்து டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெல்டிங் பொறி பட்ட கண்ணுக்கு நந்தியாவட்டையைவிட மருந்தில்லை என்பது மந்தையில் மேய்கிற ஆட்டுக்கும் தெரியும். ஆவுடையப்பனுக்குத் தெரியாதா? தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குகிற மாதிரிப் படுத்திருக்கிறவனை யார் எழுப்புவது? சாயங்காலமானால் நாற்காலியைச் செடிக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பார், ரெண்டு பூவும் காம்பை விட்டுப் போனதும், "போட்டுட்டான் கொக்கி" என்று உறுமுவார், அதற்குப் பிறகுதான் பிரமு வைத்த காப்பியைக் கையில் எடுப்பார். ஆறிப்போயிருந்தாலும் குடித்துவிடுவார்.

வருஷங்கள் இப்படிப் போய், ஒரு மாசி மாசக் கடைசியில் அந்த ரெண்டு பூவும் பறிபடாமல் நின்றன. மறுநாளும் நின்றன. ஓரம் பழுத்து, வாடி, தாமாகவே உதிர்ந்தன. ஆவுடையப்பன் இருட்டுகிறவரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை, காப்பியில் ஆடை படிந்து கிடந்தது. "கொக்கிக்காரன் என்ன ஆனான்?" என்று பொதுவாகக் கேட்டார். உள்ளே பிரமு சோற்றில் கை வைத்துவிட்டு அப்படியே எழுந்து கைகழுவினாள், காலனிப் பெண்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து வேறு என்னென்னவோ பேசிவிட்டுப் போனார்கள். அந்த நாட்களில் அந்த வீட்டில் இருந்த பயத்தைக் கையால் தொட்டுப் பார்க்கலாம், அப்படி இருந்தது.

பங்குனி பிறந்து ஒரு காலையில், தண்ணி லாரியை எதிர்பார்த்துக் காலனியே குடங்களோடு வாசலில் நிற்கையில், எல்லா வாசலிலும் ஒரே சமயத்தில் நந்தியாவட்டையின் தாழ்ந்த கிளை மெதுவாகத் தரையைப் பார்த்து வளைந்தது, பிள்ளைத்தாய்ச்சி குனிகிற மாதிரி பதனமாக வளைந்து, மண்ணைத் தொட்டது. வளைவில் ஒரு விரல் நீளத்துக்குப் பட்டை தானாகச் சீவுப்பட்டுப் பால் கசிந்தது. கிளை எழும்பிவிடாதபடி, கண்ணுக்குத் தெரியாத ஒரு கல்லின் கனம் அங்கே இறங்கிப் பள்ளம் விழுந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. மண் வரவில்லை.

பிரமு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், கையை எடுத்தால் சிரித்தாள். "பொட்டப்பிள்ளை" என்றாள், "பிழைச்சு வந்துட்டா என் மக, பொட்டப்பிள்ளை பெத்திருக்கா." பெண்கள் குடங்களைப் போட்டுவிட்டு அவள் வாசலுக்கு வந்தார்கள். வெயிலோ பங்குனி வெயில், காலையிலேயே பல்லைக் காட்டுகிற வெயில். சீவின இடம் மண்ணில்லாமல் காய்ந்தால் வெடித்துப்போகும், வெடித்தால் கிளை பட்டுப்போகும். பிள்ளைக்கு வைத்த பதியம் பட்டுப்போனால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, அவர்கள் வழியில் அப்படி ஒருதரம்கூட நடந்ததில்லை. மாவுமில் குருசாமி மண்வெட்டியோடு ஓடிவந்தான்.

"நான் ஒரு கூடை அள்ளிப் போட்டுருதேன் மதினி, கிளை தப்பிச்சிரும்."

"தொடாதீக தம்பி" என்றாள் பிரமு. "போட வேண்டிய ஆளு உள்ள இருக்காரு. அவரு போடட்டும், இல்ல பட்டுப் போகட்டும்."

உள்ளே இருந்தவர் வெளியே வந்தார், கையில் அரிவாள். "கொக்கி மாட்டிட்டான்" என்று அவர் சொன்னது யாரைப் பார்த்தும் இல்லை. "எத்தனை வருசமாத் திருட்டு! இன்னைக்கு இங்க அறுத்தா அங்கேயும் அறும், அத்தோட போச்சு." குனிந்து வளைந்த கிளையை இடதுகையில் பிடித்தார்.

ஆவுடையப்பனுக்கு ஒரு பழக்கம் உண்டு. இளவயசில் அவருடைய கூட்டாளி சங்கிலிமாடன் கம்பத்தின் மேலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருக்க, கீழே எவனோ அவசரக்காரன் விசாரிக்காமல் ஃபியூஸைப் போட்டுவிட்டான். சங்கிலிமாடனின் உடலைக் கீழே இறக்கியது ஆவுடையப்பன்தான். அன்றையிலிருந்து ஒரு கம்பியை அறுப்பதோ இணைப்பதோ, எதுவானாலும், சுற்றிலும் பார்த்து வாய்விட்டுக் கேட்காமல் அவர் கை வேலை செய்யாது. இப்போதும் அரிவாளை ஓங்கினவுடன் அந்த வாய் தானாகத் திறந்து, காலனி முழுக்கக் கேட்கும்படி கத்தியது.

"லைன்ல ஆள் இருக்கா?"

"இருக்குங்க" என்றாள் பிரமு. "ரெண்டு உசுரு இருக்கு."

ஓங்கின அரிவாள் ஓங்கினபடி கொஞ்ச நேரம் நின்றது, பிறகு இறங்கியது, பிறகு கையை விட்டுக் கீழே விழுந்தது. ஆவுடையப்பன் முட்டியைப் பிடித்துக்கொண்டு செடியடியில் உட்கார்ந்தார். அவர் விரலெல்லாம் பால்.

"குச்சி எப்படி அவ கைக்குப் போச்சு?"

"நாந்தான் குடுத்தேன்."

"எப்ப?"

"நீங்க பம்புல தலைமுழுகிட்டிருந்தீகள்ல, அப்ப. பஸ் ஸ்டாண்டுல நின்னா. எல்லாரும் பொறுக்கிக்கிட்டுப் போறாக, பெத்த மக கையில இல்லையேன்னு ஒரு குச்சியை ஈரத்துணியில சுத்தி எடுத்துக்கிட்டு ஓடினேன். நீங்க துவட்டிக்கிட்டு வாரதுக்குள்ள வந்துட்டேன்."

"உன் தலையும் ஈரமா இருந்துச்சே. நீயும் தலைமுழுகிட்டேன்னுல்லா நெனைச்சேன்."

"நல்லா நெனைச்சீக" என்றாள் பிரமு. "அது மழைத்தண்ணி. பெத்தவ தலைமுழுகுவாளா?"

வெயில் செடியின் அடிவரைக்கும் வந்துவிட்டது. சீவின இடத்தில் பால் காய்ந்து ஓரம் மஞ்சளித்தது. ஆவுடையப்பன் தம் மேல்துண்டை எடுத்து அதற்கு நிழல் பிடித்தார், நிழல் இங்கே மட்டும்தான் விழும், அங்கே விழாது என்பது அவருக்கே தெரியும், ஆனாலும் பிடித்தார். "தலைமுழுகின கை இது" என்றார், "இந்தக் கையால போட்டா வெளங்குமா, டீச்சர்?" ஊருக்கெல்லாம் லைன் சொன்ன மனுசர் ஊமைப்பிள்ளை மாதிரி டீச்சரை ஏறிட்டுப் பார்த்தார்.

"முழுகின தண்ணி அன்னைக்கே காஞ்சு போச்சு அண்ணாச்சி" என்றார் லூர்து டீச்சர். "இன்னைக்குக் கை காஞ்சுதான இருக்கு. போடுங்க."

துண்டு கீழே விழுந்தது. ஆவுடையப்பன் இரண்டு கையாலும் கரிசல் மண்ணை அள்ளினார், கட்டியை உள்ளங்கையிலேயே நசுக்கிப் பொடியாக்கினார், முந்தின லாரித் தண்ணீரில் மிச்சம் வைத்திருந்த குடத்தைக் குருசாமியின் பெண்டாட்டி யோசிக்காமல் சாய்க்க, நனைந்த மண்ணைப் பட்டை சீவின வளைவின் மேல் போட்டார், திரும்ப அள்ளிப் போட்டார், "செம்பகா" என்று சொல்லிப் போட்டார், அந்தப் பெயர் அந்த வாசலில் கேட்டு எத்தனை ஐப்பசி ஆகியிருந்தது! எல்லா வாசலிலும் செடியடியில் மண் ஏறியது. சைக்கிளில் வந்து மண் போட்டுவிட்டுப் போன மாமனாரை நினைத்தாரோ என்னவோ, மூக்கை முழங்கையில் துடைத்துக்கொண்டார்.

பிறகு எல்லோரும் காத்திருந்தார்கள். குருசாமி தன் பூனையைக் கையில் இடுக்கிக்கொண்டு நின்றான், இந்த நேரம் பார்த்து அது போய் நடந்துவைக்கக் கூடாதே என்று.

ஈர மண்ணின் நடுவில் முதலில் ஒரு குதிகால் பதிந்தது, புளியங்கொட்டை அளவுதான். அப்புறம் பாதம். அப்புறம், ஒன்றன்பின் ஒன்றாக, மிளகு மிளகாக ஐந்து விரல். பிள்ளை காலை உதறியிருக்க வேண்டும், கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் இழுபட்டுக் கோடு விழுந்தது.

ஆவுடையப்பன் அழவில்லை என்று பின்னாளில் அவர் சாதித்தார், காலனியில் யாரும் மறுத்துப் பேசவும் இல்லை. அவர் தம்முடைய பெரிய வலதுகையை அந்தத் தடத்துக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினார், கம்பி இழுத்துக் காய்த்துப்போன கை, ஒரு விரல் பாதி இல்லாத கை, அது யார் கையென்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். அழுத்தினார், எடுக்கவே இல்லை. தடத்தின் அந்தப் பக்கத்தில் மண் சொட்டுச் சொட்டாக நனைந்தது, இங்கே யாரும் தண்ணீர் ஊற்றவில்லை.

"எந்த ஊருல இருக்கா?" என்று தலையைத் தூக்காமல் கேட்டார். பிரமு ஊரைச் சொன்னாள்.

"அங்க வெயில் ஜாஸ்தில்லா" என்றார் ஆவுடையப்பன். அப்புறம் குனிந்து, செடிக்குப் பக்கத்தில் வாயை வைத்து, பழைய அதட்டல் குரலில், இத்தனை வருஷம் கழித்து மகளிடம் முதல் வார்த்தையாகச் சொன்னார்:

"அழுதுக்கிட்டு வெயில்லயே நிக்காத. பிள்ளையை உள்ள கொண்டு போம்மா. நான் வாரேன்."